தோட்டாவை எதுல எடுத்துட்டுப் போறீங்க? பையா, பெல்ட்டா, வெஸ்ட்டா?

புதுத்துப்பாக்கி (லெஸ்டர், இங்கிலாந்து)

வணக்கம். போன மார்ச்சுல ஷாட்கன் சர்ட்டிபிகேட் கைக்கு வந்துச்சு. இருக்கறது ஒரு செகண்ட்ஹேண்ட் 12 போர் (போர்ங்கறது குழலோட அளவு), மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு குழல். மாசத்துல ரெண்டு ஞாயிறு கிளே கிரவுண்டுக்குப் போறேன், மெஷின் வீசற தட்டைப் பறக்கும்போதே சுடற எடம். 100 தட்டு ஸ்போர்ட்டிங், அதாவது ஸ்டாண்ட் ஸ்டாண்டா நடந்து போய்ச் சுடறது. தட்டை உடைக்கிறது எப்படின்னு கேக்க வரல. அது தானா வரும்னு சொல்றாங்க, வந்தா சொல்றேன்.

என் பிரச்சினை தோட்டாவைச் சுமக்கறதுதான். முதல் ரெண்டு தடவை ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டேன். குனிஞ்சா தொடையில குத்துது, அவசரத்துக்குக் கை உள்ளயே போகல. மூணாவது தடவை அட்டை டப்பாவோட சூப்பர்மார்க்கெட் பையில போட்டுட்டுப் போனேன். மழை. டப்பா ஊறி அடி விட்டுருச்சு. நாலாவது ஸ்டாண்டுக்குப் போற வழியில சேத்துல குந்தி ஒவ்வொண்ணாப் பொறுக்கறேன், பின்னாடி ஆறு பேர் கையைக் கட்டிட்டு நிக்கறாங்க. அப்புறம் ஒரு பழைய வெஸ்ட் (பெரிய பாக்கெட் வெச்ச கையில்லாக் கோட்டு) வாங்கினேன். சுமார்.

இன்னொண்ணு, எனக்குக் கணக்கே உதைக்குது. போன ஞாயிறு 4 டப்பா வாங்கினேன், அதாவது 100. கடைசி ஸ்டாண்ட்ல மெஷின் ரிப்பேர் ஆனதால சுட்டது 92. வீட்டுக்கு வந்தது 5. மூணு எங்க போச்சுன்னே தெரியல.

நீங்கள்லாம் எதுல கொண்டு போறீங்க? 40 பவுண்டுக்குள்ள சொல்லுங்க. துப்பாக்கி வாங்கினதுக்கே வீட்ல இன்னும் பேச்சு ஓயல.

கொங்கு டிராப் (கோயமுத்தூர்)

வாங்க தம்பி. நான் ஆடறது டிராப் மட்டும்தானுங்க, முன்னாடி விலகிப் பறக்கற தட்டைச் சுடற போட்டி, அதனால என் கதை கொஞ்சம் வேற. ஒரு ரவுண்டுக்கு 25 தட்டு, தகுதிச் சுற்றுல தட்டுக்கு ரெண்டு வெடி அனுமதி. எல்லாத்தையும் முதல் வெடியிலயே உடைச்சா 25 தோட்டா போதும். கை நடுங்கற அன்னைக்கு 50 வேணும். நான் 55 எண்ணிப் போட்டுக்குவேன். உடைஞ்ச தட்டு வரும், புஸ்ஸுன்னு போற தோட்டா வரும், நடுவுல போய் யாருகிட்டயும் கடன் கேக்க முடியாதுங்க.

எங்களுக்கு இடுப்புப் பௌச்தான். ரெண்டு அறை இருக்கறதா வாங்குங்க. முன்னாடி அறையில புதுசு, பின்னாடி ஆழமான அறையில சுட்டு முடிச்ச காலிக் கூடு. ரெண்டும் ஒரே அறையில கெடந்தா ஒரு நாள் காலிக் கூட்டையே குழல்ல போட்டு மூடிட்டு தட்டைக் கூப்பிடுவீங்க. 'டொக்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த அவமானத்துக்கு மருந்தே இல்லீங்.

பௌச் எந்தக் கடையில வாங்கறோங்கறது முக்கியமில்லீங்க. இடுப்புல எந்த எடத்துல உக்காருதுங்கறதுதான் முக்கியம். கையை இயல்பாத் தொங்கவிட்டா விரல் நுனி எங்க தொடுதோ அங்க வாய் இருக்கணும். துப்பாக்கி திறந்து முன்கையில கெடக்கும். வலது கை உள்ள போகுது, ரெண்டு தோட்டாவை விரல் இடுக்குல அள்ளுது, பித்தளைப் பக்கம் உள்ளங்கையைப் பாத்து. கீழ்க்குழல்ல ஒண்ணு, அப்படியே கையைப் பொரட்டி மேல்குழல்ல ஒண்ணு. கண்ணு முழுக்க ரேஞ்சு மேலதான் இருக்கணும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் டிராப் ஆடினப்ப வீட்ல எல்லாரும் தட்டைப் பாத்தாங்க. நான் ஆடறவங்க இடுப்பைத்தான் பாத்துட்டிருந்தேன். யாரு பௌச் எங்க தொங்குது, கை எப்படிப் போகுதுன்னு. என் சம்சாரத்துக்கு ஒண்ணும் புரியல.

யோர்க்‌ஷயர் கிழவன்

தம்பி, நான் இஞ்சை கமக்காரற்றை வயலுகளிலை புறா சுடப் போறனான். இருவது வருசத்துக்கு மேலை. தோல் பெல்ற்தான் முதலிலை வாங்கினது. 25 கண்ணி, ஒவ்வொண்டிலையும் ஒரு தோட்டா செருகலாம். நிமிந்து நிண்டு, வேலி ஓரமா நடந்து சுடேக்கை அதுபோலை ஒரு சாமான் இல்லை. கை போன இடத்திலை தோட்டா நிக்கும். எத்தினை மிச்சம் எண்டு தடவிப் பாத்தாலே விளங்கும்.

ஆனால் புறாவுக்கு மறைப்புக்குள்ளை கதிரை போட்டுக் குந்தியிருக்க வேணும். குந்தினால் முன்பக்கத்துத் தோட்டா ஆறும் வண்டியிலை குத்தும். கண்ணி ரெண்டு மூண்டு வருசத்திலை இளகிப் போம். ஒருக்கா வேலி தாண்டிக் குதிச்சனான், நாலு தோட்டா பள்ளத்துக்குள்ளை. கீழ் வாய் மூடின கண்ணி எண்டால் தோட்டா நழுவாது, அதைப் பாத்து வாங்கும்.

பெல்ற்றிலை தோட்டாவை விட்டிட்டு அலுமாரிக்குள்ளை தூக்கிப் போட்டிடாதையும். தோலிலை இருக்கிற பதப்படுத்தின சரக்கும் பித்தளையும் சேந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். போன வருசம் நான் மறந்துபோய் விட்ட பெல்ற்றைத் தை மாசம் எடுத்தால், ஒவ்வொரு தோட்டாவின்ரை கழுத்திலும் பச்சை வளையம். அந்தத் தோட்டா துவக்குக் குழலுக்குள்ளை இறுகும். வீட்டுக்கு வந்த உடனை கழட்டி டப்பாவிலை போடும்.

புதுத்துப்பாக்கி

ரெண்டு பேருக்கும் நன்றி. கிழவன் அண்ணே, தோட்டா வண்டியில குத்தும்னா? கார்ல வெச்சா சீட்டு கிழிஞ்சிடும்னு சொல்றீங்களா?

யோர்க்‌ஷயர் கிழவன்

வண்டி எண்டால் வயிறு, தம்பி. தொந்தி. உமக்கு இப்ப விளங்காது, நாப்பது தாண்ட விளங்கும்.

ரவை உப்புமா (மில்டன் கீன்ஸ்)

எனக்கு வண்டி இல்ல, ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இந்த இழையில எல்லாரும் 12 போர். நான் 20 போர் சுடறவ. பை, பெல்ட்டெல்லாம் பேசறதுக்கு முன்னாடி இதைப் பேசிடுவோம்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டையாப் பிரிச்சா ஒரு உருண்டையோட விட்டம் எவ்வளவோ அது 12 போர், 20 உருண்டையாப் பிரிச்சா 20 போர். அதனால நம்பர் பெருசானா குழல் சின்னது. 12 போர் குழல் கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர், 20 போர் 15.6. இப்ப தெரியாம ஒரு 20 போர் தோட்டாவை 12 போர்ல போட்டா என்ன ஆகும்? அது வெளிய விழாது. உள்ள நழுவிப் போய், தோட்டா உக்கார்ற அறை முடிஞ்சு குழல் குறுகற எடத்துல உக்காந்துக்கும். பின்னாடியிருந்து பாத்தா அறை காலியாத் தெரியும். அடடா, தோட்டா போட மறந்துட்டோமேன்னு பின்னாலயே ஒரு 12 போரைப் போட்டு மூடிச் சுட்டா குழல் வெடிக்கும். குழலை முன்னாடி தாங்கிப் பிடிக்கற கை இருக்கற எடத்துல வெடிக்கும். விரல் போனவங்க இருக்காங்க.

இதுக்காகத்தான் 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்துல செய்யறாங்க. ஆனா பாக்கெட்டுக்குள்ள கை போகும்போது விரலுக்கு நிறம் தெரியாது இல்லையா? நானும் வீட்டுக்காரரும் ஒண்ணாத்தான் போவோம், அவருது 12. என் பை வேற, அவர் பை வேற, ஒருத்தர் பைக்குள்ள இன்னொருத்தர் கை போகவே கூடாது. என் வெஸ்ட்டை அவர் இரவல் கேட்டா கல்யாண நகையே கேட்ட மாதிரி ஒரு பார்வை பாப்பேன்.

புதுத்துப்பாக்கி, உங்க வெஸ்ட் செகண்ட்ஹேண்ட்னு சொன்னீங்க. அதை வித்தவர் என்ன போர் சுட்டார்? எல்லாப் பாக்கெட்டையும் வெளிய இழுத்துப் பாத்தீங்களா?

சரவெடி (கென்ட்)

பெல்ட்டு, தோல் பைன்னு எல்லாரும் தாத்தா காலத்துலயே இருக்கீங்க. நான் பிராக்டிகல் ஷாட்கன் போட்டி ஆடறேன். ஓடிக்கிட்டே சுடணும், ஓடிக்கிட்டே நிரப்பணும், பின்னாடி ஒருத்தர் டைமரோட ஓடி வருவார். நெஞ்சுலயும் இடுப்புலயும் பிளாஸ்டிக் கேடி (தோட்டாவைப் பிடிச்சு வைக்கற தாங்கி) மாட்டியிருப்பேன். ஆமா, பேரே 'கேடி'தான். நாலு நாலா அடுக்கியிருக்கும். நாலு தோட்டாவை ஒரே பிடியில உருவி, ரெண்டு ரெண்டா மேகசின் குழாய்க்குள்ள கட்டைவிரலால தள்ளணும். மூணு மாசம் வீட்டுக் கூடத்துல டம்மி தோட்டா வெச்சுப் பழகினேன். கட்டைவிரல் நகம் ரெண்டு தடவை பிஞ்சுது.

புதுசா ஆரம்பிக்கறவர் முதல்லயே நல்ல பழக்கத்துக்கு வந்துடலாம். ரெண்டு கேடி வாங்கி பெல்ட்ல மாட்டிக்கோங்க.

யோர்க்‌ஷயர் கிழவன்

ரெண்டு குழல் துவக்குக்கு நாலு நாலா எடுத்து என்ன செய்யிறது? மிச்சம் ரெண்டையும் வாய்க்குள்ளை வைக்கிறதோ?

சரவெடி

நாலு பேர் தெரிஞ்சுக்கட்டுமேன்னு சொன்னேன் அண்ணே. சரி, மேல்-கீழ் குழலுக்குக் கேடி தேவையில்லைதான்.

முயல்புடி

ஊர்ல தாத்தாவோட ஒத்தக்குழல் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கு. பொங்கலுக்குப் போறப்ப ராத்திரி முயலுக்குப் போகலாம்னு பேச்சு. வேட்டி கட்டிட்டுப் போனா தோட்டாவை எங்க

[மீதி மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர்

முயல்புடி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவுல வேட்டை குற்றம். முயலும் அதுல அடக்கம். லைசென்ஸ் துப்பாக்கியை வெச்சிருக்கத்தான், வேட்டைக்குப் போக இல்ல. இந்தக் களத்துல இந்தியா பத்திப் பேசினா டிராப், ஸ்கீட் மாதிரிப் போட்டி மட்டும் பேசுங்க. இழை தொடரட்டும்.

பழைய தோல்பை (ஹாம்ப்ஷயர்)

என் பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்திருக்கும். நூறு தோட்டா கொள்ளும் தோல் பை ஒன்று வைத்திருக்கிறேன். அகலமான வாய், தடித்த மூடி. அந்த மூடியில்தான் சூட்சுமம். ஓரம் விறைப்பாக இருப்பதால் ஒரு கையால் பின்னால் தள்ளினால் திறந்தபடியே நிற்கும், மழை வந்தால் தானே கவிழ்ந்துகொள்ளும். நாலு டப்பாவையும் கிழித்து உள்ளே கொட்டிவிட்டால் அள்ளி எடுக்கலாம். தோளில் தொங்கவிட்டுக்கொண்டே சுடக் கூடாது. வார் தோளை இழுக்கும், துப்பாக்கியின் கட்டை சரியாகப் பதியாது. காலடியில் வைத்துவிட்டு, எட்டுப் பத்தை மட்டும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பை கிடங்கு, கோட்டுப் பை சில்லறைக் கடை. புதுத்துப்பாக்கிக்கு இது ஒன்று போதும் என்பது என் கருத்து. ஸ்போர்ட்டிங்கில் ஒரு ஸ்டாண்டுக்கு எட்டோ பத்தோதான் சுடுவீர்கள். நூறையும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பானேன்? 25 தோட்டா ஏறக்குறைய ஒரு கிலோ. நாலு கிலோ இடுப்பில் தொங்கினால் அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் தட்டு உடையாது.

கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். 1830களில் பாரிஸில் லெஃபோஷே செய்த தோட்டாவில் அடிப்பக்கம் ஒரு ஊசி பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும். சுத்தியல் அந்த ஊசியை அடித்தால்தான் வெடிக்கும். அதைப் பையில் போட்டுக் குலுக்கிக்கொண்டு நடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 1861இல் லண்டனில் டா என்பவர் நடு அடியில் கேப் (அடி பட்டால் தீப்பொறி தரும் சிறு மூடி) வைத்த தோட்டாவைக் கொண்டுவந்தார். இன்றைக்கு நாம் அள்ளிக் கொட்டுவது அதன் வழிவந்ததுதான்.

இன்னொன்று. 1913 டிசம்பர் 18ஆம் தேதி பக்கிங்ஹாம்ஷயரில் ஹால் பார்ன் எஸ்டேட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் கூட்டாளிகளும் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட் சுட்டார்கள். நான் அந்தக் கணக்கைப் படித்தபோது பறவையை நினைக்கவில்லை, தோட்டாவைத்தான் நினைத்தேன். ஒரு பறவைக்கு ஒன்று என்றே வையுங்கள், தவறியதே இல்லை என்று வையுங்கள், அப்போதும் 150 கிலோவுக்கு மேல். சுட்டவர்கள் சுமந்திருக்க மாட்டார்கள். பின்னால் நின்று நிரப்பிக் கொடுத்த லோடர்கள் சுமந்திருப்பார்கள்.

ஒண்டாரியோ வாத்து (கனடா)

நான் வாளி.

பகிடி இல்லை. பெயின்ற் வாளி மாதிரி மூடியோடை ஒரு பிளாஸ்ரிக் வாளி. உள்ளுக்கை தோட்டா, கையுறை, தேத்தண்ணிப் போத்தல், சான்விச். மூடியை மூடினால் அதுவே கதிரை. கார்த்திகை மாசம் விடியப்புறம் கூஸுக்கு (பெரிய காட்டு வாத்து) காத்திருக்கேக்கை தோலும் கன்வசும் ஈரத்திலை ஊறி உறைஞ்சு விறைச்சுப் போம். விரலும் விறைச்சுப் போம். பெல்ற் கண்ணியிலை இருந்து தோட்டாவை இழுக்கிற பலம் விரலுக்கு இராது. வாளிக்குள்ளை கையை விட்டால் சரி. இஞ்சை புலம்பெயர் பறவைக்குத் துவக்குக்குள்ளை மொத்தமா மூண்டு தோட்டாதான் சட்டம், அதாலை அவசரமே இல்லை.

ஒண்டை மட்டும் கவனிக்க வேணும். 1999இலை இருந்து கனடா முழுக்க நீர்ப்பறவைக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள்ளை இருக்கிற சின்னக் குண்டு) தடை. உருக்கு ரவைதான் கொண்டு போறம். போன கிழமை கிளே சுட்ட ஈயத் தோட்டா ரெண்டு ஜக்கெற் மூலையிலை கிடந்து, அண்டைக்கெண்டு அதிகாரி வந்து பாத்தால் "மறந்து போச்சு" எண்ட கதை எடுபடாது. கிளே ஜக்கெற் வேறை, வாத்து ஜக்கெற் வேறை. நான் அப்பிடித்தான்.

யோர்க்‌ஷயர் கிழவன்

இங்கிலாந்திலையும் வாத்துக்கு அதே 1999தான். சான்விச்சையும் தோட்டாவையும் ஒரே வாளிக்குள்ளை போடாதையும் அப்பன். தோட்டா உரசின இடமெல்லாம் ஈயத்தூள் இருக்கும். உருக்கு எண்டாலும் கேப்பிலை ஈயம் இருக்கும். கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடும்.

கொங்கு டிராப்

கிழவன் ஐயா சொல்றது நூத்துக்கு நூறுங்க. எங்க வீட்ல பௌச், வெஸ்ட் ரெண்டும் தனியாத்தான் தோய்ப்போம். கொழந்தைங்க துணியோட சேக்கறதே இல்லீங்.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. சுட்டு வெடிக்காத தோட்டா இருக்கு பாருங்க, அதை என்ன பண்றீங்க? முதல்ல துப்பாக்கியைத் தட்டுப் பக்கமே நீட்டி அரை நிமிசம் அசையாம நிக்கணும், சில சமயம் தாமதமா வெடிக்கும். அப்புறம் எடுத்தா, நெறைய பேரு அதே பாக்கெட்ல திரும்பப் போட்டுக்கறாங்க. கேப்புல சின்னதா ஒரு குழி விழுந்திருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பத்து நிமிசம் கழிச்சு மறுபடி அதையே கையில எடுப்பீங்க. ரேஞ்ச் ஆபீசருகிட்டக் குடுத்துருங்க. புதுசு, காலி, ஊமை, மூணுக்கும் மூணு எடம். இதுதான் எங்க கணக்கு.

புதுத்துப்பாக்கி

இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. தோல் பைதான் மனசுல நிக்குது, ஆனா 40 பவுண்டுக்குத் தோல் வராது போல. கன்வஸ் பாத்துட்டு இருக்கேன். அந்தக் காணாமப் போன மூணைப் பத்தி யாரும் சொல்லலையே? மூணு தோட்டா என்ன பெரிய காசு, விட்டுத் தள்ளலாமா?

பழைய தோல்பை

விட்டுத் தள்ளாதீர்கள். எனக்கு ஒன்று காணாமல் போன கதையைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மெழுகுத் துணிக் கோட்டு உண்டு. புறாவுக்கும் அதுதான், கடைக்குப் போகவும் அதுதான். மூன்று வருடத்துக்கு முன் டிசம்பரில் மதுரைக்குப் போகக் கிளம்பினேன், அக்கா மகள் கல்யாணம். வெளியே உறைபனி, அதனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். கிளம்பும் முன் எல்லாப் பைகளிலும் கைவிட்டுத் துழாவினேன், பழக்கம். ஒன்றுமில்லை. விமான நிலையத்தில் கோட்டைக் கழற்றித் தட்டில் வைத்தேன். எக்ஸ்ரே பெல்ட் நின்றது. பின்னால் போனது, முன்னால் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்க்கவேயில்லை, இன்னொருவரைக் கையசைத்துக் கூப்பிட்டார். அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கோட்டுப் பையின் அடித்தையல் ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது. அதன் வழியாக ஒரே ஒரு தோட்டா உள்துணிக்கும் மெழுகுத் துணிக்கும் நடுவில் இறங்கி, முதுகுப் பக்கம் நகர்ந்து, கீழ் மடிப்பில் போய்ப் படுத்திருக்கிறது. பையில் கைவிட்டால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. போலீஸ் வந்தார்கள். சர்ட்டிபிகேட்டை வீட்டில் இருந்த மகன் படம் பிடித்து அனுப்பினான். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தோட்டாவை எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். விமானம் விடவில்லை. அதாவது, எனக்காக நிற்கவில்லை. தாலி கட்டியதை வீடியோ காலில் பார்த்தேன்.

கொங்கு டிராப்

அண்ணா, நீங்க அந்தப் பக்கமே மாட்டினது நல்லதாப் போச்சுங்க. அது தப்பி இங்க வந்து, திரும்பறப்ப இங்க மாட்டியிருந்தா ஆயுதச் சட்டத்துல கேசு. லைசென்ஸ் இல்லாம ஒத்தத் தோட்டா இருந்தாலும் கேசுதானுங்க. தெரிஞ்சு வெச்சிருந்தாரா, தெரியாம இருந்துச்சாங்கறதை கோர்ட்டுங்க பாக்கும், அப்படி ரத்தான கேசு நெறைய உண்டு. ஆனா அதுக்கு வக்கீல், வாய்தான்னு எத்தனை தடவை நடக்கறது?

போட்டிக்குப் போறவங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். முறையா எடுத்துட்டுப் போறதா இருந்தா ஏர்லைன்ஸ்ல முன்கூட்டியே சொல்லி, செக்-இன் லக்கேஜ்ல, ஆளுக்கு 5 கிலோ வரைக்கும்தான். நூத்துச் சொச்சம் தோட்டா வரும். கேபின் பையில ஒண்ணு கூட ஆகாதுங்க. நான் டெல்லி கர்ணி சிங் ரேஞ்சுக்குப் போறப்ப ரேஞ்சுக்கு ஒரு பை, பிளைட்டுக்கு ஒரு பை. ரேஞ்சுப் பை விமானத்துல ஏறினா பெட்டிக்குள்ளதான் ஏறும், தோள்ல ஏறாது.

ரவை உப்புமா

எங்க வீட்ல அது வாஷிங் மெஷின்ல கிடைச்சுது. டிரம்முக்குள்ள 'டக் டக் டக்'னு சத்தம். காசா இருக்கும்னு விட்டேன். 40 டிகிரி, ஸ்பின் எல்லாம் முடிஞ்சு கதவைத் திறந்தா ரப்பர் மடிப்புக்குள்ள வீட்டுக்காரரோட 12 போர் பளபளன்னு உக்காந்திருக்கு. பித்தளை அப்படி மின்னி நான் பாத்ததே இல்ல. அதைச் சுடலாமான்னு அவர் கேட்டார். நமுத்த பட்டாசையே கிட்டப் போய்ப் பாக்கக் கூடாதுன்னு சின்ன வயசுல அடி வாங்கினவ நான். வெடி பாதி வேகத்துல வெடிச்சு, தோட்டாவுக்குள்ள இருக்கற அடைப்பு குழல் நடுவுல சிக்கிட்டா, அடுத்த தோட்டாவுக்குக் குழல் போச்சு. கிரவுண்ட்ல இதுக்குன்னு ஒரு டப்பா வெச்சிருக்காங்க, அதுல போட வெச்சேன்.

அதுல இருந்து ஒரு வழக்கம். கிரவுண்ட்லயே, கார் டிக்கியைத் திறந்து வெச்சுட்டு எண்ணிடுவோம். எத்தனை கொண்டு வந்தோம், ஸ்கோர் கார்டுப்படி எத்தனை போச்சு, மிச்சம் எத்தனை. கணக்கு வரலைன்னா கார் கிளம்பாது. மழையா இருந்தாலும்தான்.

யோர்க்‌ஷயர் கிழவன்

புதுத்துப்பாக்கி தம்பி, உம்மடை வெஸ்ற்றின்ரை பொக்கெற் அடியைத் திருப்பிப் பாத்தனீரோ? ரெண்டு தரம் கேட்டாச்சு.

புதுத்துப்பாக்கி

இப்பதான் பாத்தேன் அண்ணே. கை நடுங்குது, பொறுங்க.

வலது பாக்கெட் நல்லா இருக்கு. இடது பாக்கெட் அடியில தையல் விட்டிருக்கு, ரெண்டு விரல் போகுது. வெஸ்ட்டைத் தலைகீழாப் பிடிச்சு உதறினேன், ஒண்ணும் விழல. அப்புறம் கீழ் மடிப்பை ஓரத்துல இருந்து ஒரு அங்குலம் ஒரு அங்குலமா நெருடிட்டே வந்தேன், அம்மா பாவாடை நாடாவைக் கோக்கும்போது பண்ணுவாங்களே அந்த மாதிரி. முதுகுக்கு நேரா ரெண்டு. என்னுதுதான், 12 போர், அதே கம்பெனி. மஞ்சள் எதுவும் இல்ல, ரவை உப்புமா அக்கா. வித்தவருக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன், அவரும் 12தானாம்.

அம்மா பக்கத்துல நின்னு பாத்தாங்க. எதுவும் கேக்கல. வெஸ்ட்டை வாங்கிட்டுப் போய் சேலை ஃபால் தைக்கிற நூல்ல அடியைத் தைச்சுக் குடுத்தாங்க. ரொம்ப நல்லா தைச்சிருக்காங்க, பாக்கெட் வாயையும் சேத்து. இப்ப கையே போகல. பிரிச்சுத் தரச் சொன்னா, "அதுல எதையும் போட வேண்டாம்"னு சொல்றாங்க.

கன்வஸ் பை ஆர்டர் போட்டுட்டேன்.

யோர்க்‌ஷயர் கிழவன்

அம்மா சரியாத்தான் செய்திருக்கிறா. மூண்டெல்லோ காணேல்லை எண்டனீர்? மற்றது எங்கை?

புதுத்துப்பாக்கி

தேடிட்டு இருக்கேன். கார் சீட்டு அடி, டிக்கி, ஷூ, எல்லாம் பாத்தாச்சு.

ரவை உப்புமா

அன்னைக்குப் போட்டிருந்த பேண்ட் எங்க இருக்கு?

புதுத்துப்பாக்கி

ஐயோ. மெஷின் ஓடுது.